பட்டாளம் முடித்து ஊர் திரும்பினால்: படிப்பா, வேலையா, சொந்தத் தொழிலா?

“ஏனுங்கண்ணா, பேங்க்குல கார்டா போறதுங்களா, இல்ல பங்காளி சொல்ற மாதிரி எட்டுத் தறி வாங்கிப் போட்டுறலாமுங்களா?”

ரிலீஸுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே இந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது. காங்கேயம், தாராபுரம், கோபி, ராசிபுரம் என்று எந்த ஊர்க்காரர் கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய இதேதான். பாதியில் விட்ட டிகிரியை முடித்தால் பிரயோஜனம் இருக்குமா என்பதையும் சிலர் சேர்த்துக் கேட்பார்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார் ரேங்கில் வெளியே வருகிறவர்களையும், சுபேதார் நிலையில் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதிகாரிகளின் பாதை வேறு.

பதினேழு வருடம் சியாச்சினிலும் ராஜஸ்தானிலும் காவல் காத்தவர், ஊருக்கு வந்த முதல் வருடத்திலேயே மொத்தப் பணத்தையும் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்க்கும்போது மனம் தாங்காது. பெரும்பாலும் அவர்கள் தேர்ந்தெடுத்த வழி தவறாக இருப்பதில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசைதான் தவறிப்போயிருக்கும்.

## முதலில் அளவுகோல்கள்

வயது. சிப்பாயாக வெளியே வருகிறவருக்கு 35லிருந்து 38 வயது இருக்கும். 60 வயது வரை எண்ணினால் இன்னும் இருபது வருடத்துக்கு மேல் உழைப்பு மிச்சம். சுபேதாராக வருகிறவர் ஐம்பதை நெருங்கியிருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே யோசனை பொருந்தாது.

மாதச் செலவில் பென்ஷன் போக எவ்வளவு இடிக்கிறது. சர்வீஸில் ரேஷன், குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் கேந்திரிய வித்யாலயா என்று கணக்கில் வராமல் ஓடியதெல்லாம் இனி கைக்காசில்தான். வாடகை, பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் மருத்துவத்துக்கு ஈசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதற்கு எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

மொத்தமாக வரும் பணத்தில் எவ்வளவு போனாலும் குடும்பம் நிற்கும். கிராஜுவிட்டி, பி.எஃப்., இன்சூரன்ஸ், கம்யூட்டேஷன் எல்லாம் சேர்ந்து வரும்போது பெரிய தொகையாகத் தெரியும். கம்யூட்டேஷன் மட்டும் உங்கள் பென்ஷனையே முன்கூட்டி விற்று வாங்கும் பணம். படையினர் பென்ஷனில் பாதி வரை விற்கலாம். அடுத்த 15 வருடத்துக்கு மாதாமாதம் அந்தப் பங்கு பிடித்தமாகும். அதைக் கொண்டுபோய்த் தொழிலில் போட்டால், பென்ஷனையே தொழிலில் போட்டதாக அர்த்தம்.

ட்ரேடு, அதாவது படையில் பார்த்த வேலைப் பிரிவு. ஈ.எம்.இ. (வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு) மெக்கானிக், சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), ஏ.எஸ்.சி. (சரக்குப் போக்குவரத்து) டிரைவர், கிளார்க், ஜி.டி. (பொதுப் பணி). ஒவ்வொன்றுக்கும் வெளியே கிடைக்கும் மதிப்பு வேறு வேறு.

எந்தக் கதவு ஒரு முறைதான் திறக்கும். இந்த அளவுகோலைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். டிகிரியை நாற்பத்தைந்து வயதிலும் முடிக்கலாம். தறியை அடுத்த வருடமும் வாங்கலாம். அரசு வேலையில் முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு அப்படிக் காத்திருக்காது. கம்யூட்டேஷன் பணமும் ஒரு தடவைதான் கைக்கு வரும்.

| | படிப்பு | அரசு, வங்கி வேலை | தனியார் வேலை | சொந்தத் தொழில் |
|---|---|---|---|---|
| கைமுதல் | குறைவு | குறைவு. நேரம்தான் செலவு | இல்லை | அதிகம் |
| வருமானம் தொடங்க | 2–3 வருடம் | தேர்வு எழுதி 1–2 வருடம் | உடனே | தொழிலைப் பொறுத்து. முதல் வருடம் நம்ப முடியாது |
| ஊரில் இருக்கலாமா | பெரும்பாலும் ஆம் | உறுதி இல்லை | ஆம் | ஆம் |
| மறைவான செலவு | செல்லாத சான்றிதழ்கள் | ஒதுக்கீடு ஒரு முறைதான் | 12 மணி நேர டியூட்டி | கடன் பாக்கி, முன்பணம், உறவு |
| யாருக்கு ஏற்றது | 40க்குள், தெளிவான இலக்கு உள்ளவர் | 40க்குள், படிக்கப் பொறுமை உள்ளவர் | 45க்கு மேல், அல்லது இடைக்காலத்துக்கு | தொழிலை அருகிலிருந்து பார்த்தவர் |

## அரசு, வங்கி வேலை

மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதமும் பழைய குரூப் டி பணியிடங்களில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் அது 14.5, 24.5 சதவீதம். இதில் ஊனமுற்ற வீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்குமான 4.5 சதவீதமும் அடக்கம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீதம் உண்டு. தகுதியான ஆள் கிடைக்காமல் இந்த இடங்கள் நிரம்பாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. நம் ஆட்கள் பயப்படும் அளவுக்குப் போட்டி இல்லை.

வயது போய்விட்டதே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசு குரூப் சி பணிக்கு உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் வருடங்களைக் கழிப்பார்கள். 38 வயது, 17 வருட சர்வீஸ் என்றால் கழித்தபின் 21. அது வயது வரம்பை மூன்று வருடம் தாண்டினாலும் பரவாயில்லை. ஆக, 38 வயதுக்காரர் தேர்வு அறையில் கல்லூரி முடித்த பையனின் வயதில் உட்காருகிறார்.

பத்தாவது படித்து 15 வருட சர்வீஸ் முடித்தவருக்குப் படையிலிருந்து பட்டப்படிப்புக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். தொழில்நுட்பத் தகுதி கேட்காத குரூப் சி பணிகளுக்கு அதை ஏற்றுக்கொள்கிறார்கள். வங்கி கிளார்க் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் மூன்றும் இருக்கும். எட்டு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் எட்டக்கூடியதுதான். கிளார்க் பணிக்கு அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது தமிழ்வழியில் படித்த நம் ஆட்களுக்குச் சாதகம்.

இனி மறைவான செலவு. ஒதுக்கீட்டில் ஒரு சிவில் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த அரசு வேலைக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. முதல் வேலையில் சேருவதற்கு முன்பே வேறு எந்தெந்த வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தீர்களோ, அந்தப் பட்டியலைத் தேதி வாரியாக எழுதி, சேர்ந்தவுடனே அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்கு அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் ஒதுக்கீடு தொடரும். எம்.டி.எஸ். (அலுவலக உதவியாளர் மாதிரி பல்நோக்குப் பணி) வேலை முதலில் கிடைத்தது என்று சந்தோஷமாகச் சேர்ந்து, இந்த ஒரு தாளைக் கொடுக்காமல் விட்டதால் பின்னால் வந்த வங்கி கிளார்க் வேலையை இழப்பவர்கள் இருக்கிறார்கள். சேரும் நாளில் கொடுக்க வேண்டிய மற்ற காகிதங்களோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வேலையும் தற்காலிக ஒப்பந்த வேலையும் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் எத்தனை வருடம் இருந்தாலும் ஒதுக்கீடு அப்படியே இருக்கும்.

பென்ஷன் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அதிகாரி நிலைக்குக் கீழே ஓய்வு பெற்றவர்களுக்கு மறுவேலையில் சம்பளம் நிர்ணயிக்கும்போது பென்ஷனைக் கழிப்பதில்லை. ஊர்தான் கைவிட்டுப் போகலாம். திருச்செங்கோட்டுக்காரருக்கு முதல் போஸ்டிங் ராமநாதபுரத்தில் விழலாம். பதினேழு வருடம் தனியாகக் குடும்பத்தை இழுத்த மனைவியிடம் கேட்காமல் இதில் முடிவெடுக்காதீர்கள்.

சீருடையை விட மனமில்லாதவர்களுக்கு டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் படை இருக்கிறது. கண்ணூரில் அதன் மையம். படைத்தளங்களையும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளையும் காக்கும் பணி. 15 வருடம் முடித்தால் இரண்டாவது பென்ஷன் கிடைக்கும். வெளியே வந்து சில வருடத்துக்குள் சேர வேண்டும் என்ற வரம்பு இருப்பதால், இதுவும் ஒரு முறை திறக்கும் கதவுதான்.

## படிப்பு

இங்கே முதல் கேள்வி, எதற்காகப் படிக்கிறோம் என்பது. வெறுமனே டிகிரி வேண்டும் என்றால் மேலே சொன்ன சான்றிதழே பல வேலைகளுக்குப் போதும். சட்டக் கல்லூரி, பி.எட்., எம்.பி.ஏ. என்று போக நினைப்பவருக்கு அது உதவாது. அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும். சர்வீஸில் இருக்கும்போதே இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சேர்ந்து முடிப்பதுதான் மலிவான வழி. ஊருக்கு வந்த பின் என்றால் பாரதியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டும் அருகில் இருக்கின்றன. விவசாயம் பக்கம் சாய்கிறவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளும் தொலைநிலைப் படிப்புகளும் உண்மையாகவே பலன் தருபவை.

டி.ஜி.ஆர். என்ற மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முன் நடத்தும் பயிற்சிகளை நம் ஆட்கள் வீணாக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜவான்களுக்கும் சுபேதார் நிலையில் உள்ள ஜே.சி.ஓ.க்களுக்கும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 24 வாரம் வரை போகும் பயிற்சிகள் உண்டு. “வீட்டுக்குப் பக்கத்துல எந்த கோர்ஸ் இருக்கோ அதைப் போடுங்க” என்று கேட்டு வாங்கி, அதை நீண்ட விடுமுறையாகக் கழித்துவிடுகிறார்கள். மறுபடி கிடைக்காத ஆறு மாதம் அது.

மறைவான செலவு செல்லாத சான்றிதழ்களில் இருக்கிறது. ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ டிப்ளமோ என்று பெரிய தொகை வாங்கும் இடங்கள் கோவையிலும் சேலத்திலும் நிறைய. சட்டப்படி பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் இருந்தாக வேண்டும். அந்தப் பதவிக்கு, பொறியியல் போன்ற அடிப்படைத் தகுதியும் அனுபவமும் இருந்து, அதன் மேல் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவும் கேட்பார்கள். பன்னிரண்டாவது முடித்தவர் அந்த டிப்ளமோவை மட்டும் வாங்கினால் வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகத்தான் நிற்க வேண்டியிருக்கும். அதே மாதிரி, படையில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவரிடம் செவிலியர் வேலைக்கு மருத்துவமனை நர்சிங் கவுன்சில் பதிவைக் கேட்கும். பணம் கட்டும் முன், எந்த வேலைக்காகப் படிக்கிறீர்களோ அந்த வேலை கொடுக்கும் இரண்டு ஆலைகளிலோ மருத்துவமனைகளிலோ இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று நேரில் கேளுங்கள்.

படிப்பு யாருக்கு நல்லது? 40 வயதுக்குள் வெளியே வந்து, பென்ஷனும் மனைவியின் வருமானமும் சேர்த்து வீட்டை ஓட்ட முடிந்து, முடித்தபின் எந்த வேலை என்று தெரிந்தவருக்கு. மற்றவர்கள் வேலையில் இருந்துகொண்டே படிப்பது மேல்.

## தனியார் வேலை

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்கள், பெருந்துறை சிப்காட், கோவை மருத்துவமனைகள், பொறியியல் கல்லூரி விடுதிகள், சரவணம்பட்டி ஐ.டி. வளாகங்கள் என்று எங்கும் மிலிட்டரிக்காரர் என்றால் தனி மதிப்பு உண்டு. செக்யூரிட்டி ஆபீசர், டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர், வார்டன், ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் வேலைகள் கேட்டவுடன் கிடைக்கும். தமிழக அரசின் டெக்ஸ்கோ 1986லிருந்து முன்னாள் படைவீரர்களை அரசு நிறுவனங்களுக்குக் காவல் பணிக்கு அனுப்பிவருகிறது.

சேர்வதற்கு முன் மூன்றே விஷயம் கேளுங்கள்: எட்டு மணி நேரமா பன்னிரண்டா, வார விடுமுறை உண்டா, பி.எஃப். யார் பெயரில் கட்டுகிறார்கள். காண்டிராக்டர் மாறினால் உங்கள் வேலையும் போகும். ஐம்பதை நெருங்கி வெளியே வரும் சுபேதாருக்கு, மகள் கல்யாணம் வரை ஒரு நிலையான வருமானம் போதும் என்றால், இது மரியாதையான வழி. 36 வயதுக்காரர் இதிலேயே தங்கிவிட்டால், பத்து வருடம் கழித்தும் அதே சம்பளத்தில் அதே கேட்டில் நிற்பார். ஆனால் இளையவருக்கும் இந்த வேலையால் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

## சொந்தத் தொழில்

இந்த மண்ணில் பிறந்தவனுக்குத் தொழில் ஆசை வருவது இயல்பு. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் பல்லடத்தில் தறி வைத்திருப்பான், இன்னொருவன் நாமக்கல்லில் இரண்டு லாரி ஓட்டுவான், மச்சான் திருப்பூரில் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பான். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? முடியும். ஆனால் அவர்கள் நூல்காரரிடம் பேர் வாங்கியது, எந்தப் பார்ட்டி காசை இழுப்பான் என்று தெரிந்துகொண்டது, ஆட்களைப் பிடித்து வைத்தது எல்லாம் நீங்கள் எல்லையில் இருந்த அந்தப் பதினேழு வருடத்தில். கொங்கு நாட்டுத் தொழிலில் பாதி, நாணயத்தின் மேல் கொடுக்கும் கடனில் ஓடுகிறது. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அந்த நாணயம் முதல் நாளே கிடைக்காது.

கூலித் தறி. பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். கணக்கு நன்றாகத்தான் இருக்கும். கணக்கில் வராதது ஆட்களுக்குக் கொடுக்கும் முன்பணம். அதைக் கொடுக்காமல் ஆள் வராது, கொடுத்த ஆள் போய்விட்டால் பணமும் போகும். கூலி உயர்வுக்காகச் சோமனூர், பல்லடம் பக்கம் தறிகள் வாரக்கணக்கில் நின்ற காலங்கள் உண்டு. அந்த வாரங்களில் பேங்க் தவணை நிற்காது.

கறிக்கோழிப் பண்ணை. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். ஷெட், தண்ணீர், கரண்ட், ஆள் நம்முடையது. நாற்பது நாள் சொச்சத்தில் கோழியைப் பிடித்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவார்கள். பட்டாளத்து ஒழுங்கு அப்படியே பயன்படும் தொழில் இது. முதல் வாரம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து ஷெட்டுக்குப் போக வேண்டும். குஞ்சுகள் புரூடருக்கு (சூடு தரும் கருவி) அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர் என்று அர்த்தம். புரூடரை விட்டு விலகி ஓரமாக வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். சமமாகப் பரவிப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். இரவுக் காவல் பழகியவருக்கு இது சுமையாகத் தெரியாது. மறைவான செலவு, ஷெட்டுக்குப் போட்ட பணம் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வது. குஞ்சு விடுவதைக் கம்பெனி தாமதித்தால் ஷெட் சும்மா கிடக்கும், தவணை ஓடும். பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் போய், போன வருடம் எத்தனை பேட்ச் எடுத்தார்கள், இடைவெளி எத்தனை நாள் விட்டது என்று விசாரித்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.

தோப்பு வாங்குவது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கி நிம்மதியாக இருக்கலாம் என்பது பலரின் கனவு. வெள்ளை ஈயும் வேர் வாடல் நோயும் எத்தனை தோப்புகளை அடித்திருக்கின்றன என்பதை ஆனைமலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே சொந்த நிலம் இருந்தால் அது வேறு கதை. வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றால் மற்ற தொழில்களைவிட இதில் பணம் திரும்ப அதிக காலம் ஆகும்.

முதலுக்கு அரசு உதவி நிறையவே இருக்கிறது. 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரர்களும் அவர்களின் கைம்பெண்களும் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், 30 சதவீத மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் பெறலாம். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலை உருவாக்கத் திட்டம்) திட்டத்தில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவு. கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீத மானியம், கைமுதல் 5 சதவீதம் போதும். விண்ணப்பிக்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கைக்கு வராது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருடம் உங்கள் பெயரில் வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகுதான் கடனில் கழியும். மானியத்தை நடைமுறைச் செலவுக்கு எண்ணி வைத்துத் திட்டம் போட்டவர் முதல் வருடத்திலேயே திணறுவார். கூடவே உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவையும் செய்துவிடுங்கள். சிறுதொழில் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று கேட்க அது ஆதாரம்.

பணம் கைக்கு வந்த முதல் வருடத்தில்தான் கூட்டுக்கு ஆள் வருவார்கள், வட்டிக்குக் கொடுக்கச் சொல்வார்கள், மாதம் நிச்சய வருமானம் என்று திட்டம் கொண்டுவருவார்கள். 2012இல் பெருந்துறையில் வெடித்த ஈமு கோழி மோசடியை நம் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. குஞ்சு தருகிறோம், ஷெட் போட்டுத் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். எத்தனையோ குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு அதில் போயிற்று. உழைப்பே கேட்காமல் மாத வருமானம் சொல்லும் எதையும் தொடாதீர்கள், சொல்வது கூடப்பிறந்தவராக இருந்தாலும்.

தனியார் வேலையின் பயனை இங்கே சொல்கிறேன். எந்தத் தொழில் செய்ய ஆசையோ, அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் ஒரு வருடம் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். தறி ஆசை என்றால் தறிக்குடோனில் சூப்பர்வைசர். லாரி ஆசை என்றால் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். யார் காசை இழுப்பார், எந்த மாதம் வேலை இருக்காது, ஆள் ஏன் நின்றுபோகிறான் என்பதெல்லாம் வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காது. அந்த ஒரு வருடத்தில் ஒதுக்கீட்டுத் தேர்வுகளையும் எழுதலாம். கம்யூட்டேஷன் பணம் அதுவரை வங்கியில் பத்திரமாக இருக்கட்டும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாகத் தொடங்குங்கள். ஈ.எம்.இ.யில் இருந்தவர் கோவையில் மோட்டார் பம்ப் சர்வீஸ் வைப்பது மாதிரி, கையில் இருக்கும் ட்ரேடை ஒட்டிய சிறு தொழில் என்றால் இந்தக் காத்திருப்பும் தேவையில்லை. அங்கே முதல் குறைவு, தெரிந்த வேலை.

## அக்னிவீரர்களுக்கு

அக்னிபத் திட்டத்தில் சேர்ந்து நான்கு வருடத்தில் வெளியே வருகிறவருக்குப் பென்ஷன் கிடையாது. சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி மட்டும் கையில் இருக்கும், வயது இருபதுகளின் தொடக்கம். அவர்களுக்கு என் வரிசையே வேறு: படிப்பு முதலில். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ, லட்சுமி மில் காலத்திலிருந்தே கோவை இயந்திரத் தொழில்கள் கேட்கும் கைத்தொழில் ஏதாவது ஒன்று. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கென்று அறிவிக்கப்பட்ட ஒதுக்கீட்டுத் தேர்வையும் கூடவே எழுதட்டும். சேவா நிதியில் படிப்புச் செலவு போக மீதியைப் பெற்றோர் வீடு கட்டவோ வண்டி வாங்கவோ கேட்டால், மூன்று வருடம் பொறுக்கச் சொல்வதுதான் நல்லது.

## எப்போது, எங்கே தொடங்குவது

ரிலீஸுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது டி.ஜி.ஆர். பயிற்சியையும் இக்னோவையும் முடிவு செய்யுங்கள். டிரைவர் ட்ரேடில் இருப்பவர் சிவில் ஹெவி லைசென்ஸும் எடுத்துவிடலாம். கடைசி ஒரு வருடத்தில், யூனிட்டில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி ஒதுக்கீட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கலாம். ஊருக்கு வந்த முதல் வாரம் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), படிப்புச் சான்றிதழ்கள், ஆதார், குடும்பப் புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் வேலைவாய்ப்புக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கே போகும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை மற்ற காகிதங்களும் நகராது.